புள்ளிக் கிடாவின் நீலக் கண்

போகோர்
பிப்ரவரி 4

அன்புள்ள லூதியா அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே மழை விட்டிருக்கும் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி எப்படி? அப்பா எப்படி இருக்கிறார்?

அப்பா படுத்திருக்கும் வீட்டில் நின்றுகொண்டு போனில் கத்த மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். ஆகையால் பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதல் தடவையாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு உதவி வேண்டும், அக்கா. எனக்குக் கண்கள் வேண்டும். பன்றியின் கண், சேவலின் கண், வயல் விலாங்கின் கண்.

ஆறு வருஷமாக என்னதான் செய்கிறாய் என்று நீ கேட்பாயே, இப்போது சொல்கிறேன். கண்ணுக்குள் பின்பக்கம் மெல்லிய திரை ஒன்று இருக்கிறது. அந்தத் திரையின் செல்களில் எல்லாப் பிராணிக்கும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். ஆனால் சேவலில் விழித்திருக்கும் மரபணு பன்றியில் தூங்கும். விழித்திருப்பது சும்மா இருக்காது, செல்லுக்குள் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்தப் பிராணியில் எது எத்தனை சீட்டு எழுதுகிறது என்று எண்ணி ஒப்பிடுவதுதான் என் வேலை. உயிர் போன பத்து நிமிடத்தில் சீட்டுகள் கரையத் தொடங்கிவிடும். இங்கே கசாப்புக்கூடத்தில் வரிசையில் நின்று வாங்குவதற்குள் பாதி போய்விடுகிறது. நீ உடனே கண்ணை எடுத்து, திரையை உரித்து, நான் அனுப்பியிருக்கும் குப்பியில் போட வேண்டும். எப்படி உரிப்பது என்று படம் வரைந்திருக்கிறேன்.

நவம்பருக்குள் ஆய்வேட்டை முடிக்காவிட்டால் கிளம்பு என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
தமாரிஸ்


புந்து தாலோங்
பிப்ரவரி 20

தமாரிஸ்,

நாங்கள் இருக்கிறோம். காப்பி பூத்திருக்கிறது. என் முதுகு என்னோடுதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். மூச்சு நின்று மூன்று மாதம் ஆகிறது. ஆகஸ்டில் எருமை வெட்டி வழியனுப்பும் வரை நம் வீட்டில் அவர் நோயாளிதான். தெற்கு அறையில் படுத்திருக்கிறார். காலையில் காப்பி வைக்கிறேன், இரண்டு வேளை சோறு வைக்கிறேன். வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வராதவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை.

சம்பே பெரியப்பா தன் புள்ளி எருமைக் கிடாவைத் தம்பியின் சடங்குக்கே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். கிடா அப்படி வளர்ந்திருக்கிறது. வெள்ளை உடம்பில் மை தெளித்த மாதிரி கறுப்பு, இரண்டு கண்ணும் நீலம். அதைக் குளிப்பாட்டும் பக்தியில் பாதியைப் பெரியம்மாவிடம் காட்டியிருந்தால் அந்த அம்மாள் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்லோ வீட்டார் மட்டும், "நீலக் கண்ணு எருமை பாதிக் குருடு, உங்க தம்பியை எந்தப் பள்ளத்துல தள்ளப்போகுதோ!" என்று சந்தையில் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார்கள். எருமைதான் ஆவியை அந்த உலகத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறது என்பதால் பெரியப்பாவுக்கு இது நெஞ்சில் முள்.

குப்பிகளை அனுப்பியிருக்கிறேன். சேவல், சண்டையில் தோற்றது. சொந்தக்காரன் அழுதுகொண்டிருந்தான், நான் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தேன். விலாங்கு நம் வயலில் பிடித்தது. பன்றி, அடுத்த வீட்டு மீதெக்கின் விருந்தில் வெட்டியது. திரை, ஈர வெங்காயத் தோல் மாதிரி வழுக்குகிறது. மூன்றாவது கண்ணில் பிடிபட்டுவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு.

லூதியா


போகோர்
மார்ச் 16

என் தங்கமான அக்காவுக்கு,

சுகமா? நான் சுகத்துக்கும் மேலே இருக்கிறேன்!

சீட்டுகள் எவ்வளவு முழுசாக இருக்கின்றன என்று பத்துக்கு மதிப்பெண் போடுவோம். இங்கே படித்துப் பட்டம் வாங்கிய பையன்கள் உரித்தால் ஆறு, ஏழு. உன் சேவலுக்கு ஒன்பதரை! பேராசிரியை ஹெர்லினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரும்மா இது, எந்த லேப்?" என்று கேட்டார். "எங்கக்கா. காப்பித்தோட்டம், நாலு பன்னி" என்றேன்.

அதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. உன் பன்றியின் கண்ணில் ஒரு கூட்டம் மரபணுக்கள் விழித்துக்கொண்டு கூச்சல் போடுகின்றன. சேவலில் இல்லை, விலாங்கில் இல்லை, வேறு எந்தப் பன்றியிலும் யாரும் பார்த்ததில்லை. நம் மலைப் பன்றிக்கே உரிய பார்வை ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறோம். ஏப்ரல் 2-ஆம் தேதி பெரிய கூட்டத்தில் நானே மேடையேறிச் சொல்லப்போகிறேன்.

அப்பாவிடம் சொல்வாயா?

தமாரிஸ்


புந்து தாலோங்
மார்ச் 28

தமாரிஸ்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. மூன்று தடவை சந்தைக்குப் போய் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. இதை மக்காசார் பஸ் டிரைவர் கையில் கொடுத்து, அன்றைக்கே விமானத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு அடுப்பில் வெந்துகொண்டிருந்த மூங்கில் குழாய்க் கறியைப் பார்த்தேன். பிறகுதான் போனுக்கு ஓடினேன்.

அடியே, மீதெக் வீட்டில் பன்றியை எப்படி வெட்டினார்கள் என்று நினைக்கிறாய்? எல்லாரும் செய்வது போலத்தான். ஈட்டியால் ஒரே குத்து, அப்படியே தூக்கி மூங்கில் தழலில் போட்டு மயிர் பொசுக்கி, கறுக்கச் சுரண்டி, அதற்கப்புறம்தான் கத்தி. கண்ணை நான் உடனேதான் எடுத்தேன், பொசுக்கி முடித்த உடனே. மயிர் பொசுக்காத பன்றியில் யாரடி கத்தி வைப்பார்கள்? உனக்கும் அது தெரியும் என்று நினைத்தேன். போகோரில் இத்தனை வருஷம் கடையில் கறி வாங்கித் தின்று மறந்துபோனாய் போலிருக்கிறது.

உன் மரபணுக்கள் கூச்சல் போட்டது சூட்டில் இல்லையே?

லூதியா


போகோர்
ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக அந்த பஸ் டிரைவர். அவன் பிள்ளைகுட்டிகள் நூறு வருஷம் வாழட்டும்.

உன் கடிதம் ஏப்ரல் 1-ஆம் தேதி மாலை வந்தது. ஆமாம், சூடுதான். பிராணியின் உயிர் போன பின்னும் செல்கள் சில நிமிடம் உயிரோடு இருக்கும். நெருப்பில் போட்டதும் அவை அலறியிருக்கின்றன. அந்த அலறலைத்தான் நான் மலைப் பன்றியின் அபூர்வப் பார்வை என்று நாலு நாட்டுக்காரர்கள் முன்னால் சொல்ல இருந்தேன்! பேச்சை ரத்து செய்தேன். பேராசிரியை முதலில் கோபப்பட்டார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்த ஊர்க்காரி நீயா, உங்கக்காவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொசுக்குவதற்கு முன் எடுத்த பன்றிக் கண் இரண்டு அனுப்பு.

ஆனால் பன்றி போனதோடு என் ஆய்வில் புதியதாக ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அதனால் இதைக் கேட்கிறேன். பெரியப்பாவின் புள்ளிக் கிடா. நீலக் கண் எருமையின் திரையைக் கறுப்பு எருமையோடும் மற்றப் பிராணிகளோடும் வைத்து இதுவரை எண்ணிப் பார்த்ததாக எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சடங்கில் அது விழுந்த பத்து நிமிடத்துக்குள், கறியைப் பங்கு பிரிக்கும் முன்பே, எனக்கு அந்தக் கண்கள் வேண்டும்.

கேட்பது பெரிது என்று தெரியும். பதில் எழுது.

தமாரிஸ்


போகோர்
ஜூன் 2

அக்கா,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பன்றிக் கண் மட்டும் வந்தது, கடிதம் இல்லாமல். நீ சுகமாக இருக்கிறாயா என்று அந்தப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

நீ கேட்காததை நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முடியவில்லை என்று நவம்பரில் நீ போன் செய்த அன்று விமானச் சீட்டு வாங்கினேன். விமான நிலையம் வரை போய் உட்கார்ந்திருந்தேன். போன தடவை ஊரில் அப்பா என்னைப் பெரியப்பாவிடமும் பாதிரியாரிடமும், "அடுத்த தடவை டாக்டரா வருவா" என்று காட்டினார். அது நான்கு வருஷத்துக்கு முன்பு. வெறுங்கையோடு எப்படி அவர் முன்னால் போய் உட்காருவேன்? வெட்கமாக இருந்தது. பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். வேலை இருந்தது என்று உன்னிடம் சொன்னது பொய்.

கண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுது.

தமாரிஸ்


புந்து தாலோங்
ஜூன் 25

என் தங்கைக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன். கோபமாக இருந்தேன். பெற்ற தகப்பனின் மூச்சுக்கு வராதவள், அவர் ஏறிப்போகும் எருமையின் கண்ணுக்கு மட்டும் வருகிறாளா என்று கொதித்தது. உன் ஜூன் கடிதத்தை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்த பிறகு கொஞ்சம் அழுதேன். கழுதை, விமான நிலையம் வரை போனவளுக்கு ஏறத் தெரியவில்லை.

பெரியப்பாவிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை கள்ளுக் குழாயோடு போனேன். முதல் நாள் குழாயை வாங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்டார். "கண்ணைப் புடுங்கிட்டா எந்தம்பி எப்படி வழி பாத்துப் போவான்? மூளை இருக்கா உங்க ரெண்டு பேருக்கும்?" என்றார்.

"கறியை ஊரே திங்குது, தோலு போகுது, கொம்பை நாம வாசல்ல மாட்டுறோம். இதெல்லாம் இல்லாம நடந்து போற எருமைக்குக் கண்ணு மட்டும் இல்லேன்னா வழி தெரியாதா பெரியப்பா?" என்றேன். கதவைச் சாத்திவிட்டார். அடுத்த ஞாயிறு, "தலை யாரு பங்கு? எம்பங்கு. எம்பங்குல கைவைக்க இவ யாரு?" என்று ஆரம்பித்தார்.

கடைசியில் நான்தான் முள்ளைத் தொட்டேன். "அது குருடா இல்லையான்னு கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லக்கூடியவ இந்தப் பள்ளத்தாக்குலயே அவ ஒருத்திதான். வேணாம்னா விடுங்க. பல்லோ வீட்டார் சொல்றதையே ஊரு நம்பட்டும்" என்றேன்.

கள்ளைக் கீழே வைத்தார். தன் கிடாவைத் திரும்பிப் பார்த்தார். "அது பாக்கும்டி. நான் வந்தா தலையைத் தூக்கும்" என்றார். பிறகு சொன்னார்: "எடுத்துக்கச் சொல்லு. ஆனா ஒண்ணு. கண்ணு தர்றேன், பேரு தர மாட்டேன். மூச்சு நிக்கும்போது வராதவ பேரை மேடையில ஏறிக் கூவ மாட்டேன்."

இதைச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஊரே கூடியிருக்க ஒவ்வொரு வீட்டுக் கறிப் பங்கும் மேடையிலிருந்து பேர் சொல்லிக் கூவப்படும்போது நீ காத்துக்கொண்டு நிற்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன். பேர் கூவாதவள் அந்த வீட்டில் இருந்தும் இல்லாதவள். யோசித்துக்கொள்.

லூதியா


போகோர்
ஜூலை 6

அக்காவுக்கும், படுத்திருக்கும் அப்பாவுக்கும் வணக்கம்.

வருகிறேன். பெரியப்பா சொன்னது நியாயம். பேருக்கு எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை, கண் போதும். வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு வை. கண்ணை எடுத்ததும் ரந்தேபாவ் நகரிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும், விருந்துக்கு இருக்க முடியாது.

தமாரிஸ்


புந்து தாலோங்
ஆகஸ்ட் 19

தமாரிஸ்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஐஸ் உருகவில்லையே? வீடு காலியாக இருக்கிறது. காலையில் பழக்கத்தில் காப்பி எடுத்துக்கொண்டு தெற்கு அறைக்குப் போய்விட்டேன். நானே குடித்தேன்.

அப்பாவோடு கதவைச் சாத்திக்கொண்டு நீ அரை மணி நேரம் இருந்தாயே, என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன்.

நீ ஓடிப்போன பிறகு நடந்தது இது. கறுப்புச் சடங்கு உடையில் சேற்றில் மண்டியிட்டு நீ கண்ணை உரித்ததைப் பார்த்தவர்கள் வாய் மூடவில்லை. ஏழு நிமிடம் ஆனதாக மீதெக் கடிகாரம் பார்த்துச் சொன்னான். "பட்டணத்துக்காரி கைக்குக் கத்தி தெரியுதே!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பெரியப்பா மேடையேறி எல்லாப் பங்கையும் கூவினார். தலை வந்தது. தன் பேரைச் சொன்னார். கீழே நின்ற பல்லோ வீட்டுக் கிழவர் வேண்டுமென்றே, "தலையில கண்ணைக் காணோமே, யாரு பங்கு?" என்று கேட்டார். எல்லாரும் மேலே பார்த்தோம். பெரியப்பா தலையை ஓரமாகத் தள்ளினார். "எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தொடைக்குப் போனார்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. கண்ணிலே என்ன இருந்தது என்று சீக்கிரம் எழுது.

லூதியா


போகோர்
செப்டம்பர் 8

அக்கா! அக்கா!

உன் உடம்பு, பெரியப்பா உடம்பு, பன்றிகளின் உடம்பு எல்லாம் நலமா? சரி, கேள்.

அது பார்த்தது! புள்ளிக் கிடாவின் திரையில், பார்வைக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் கறுப்பு எருமையில் போலவே முழுசாக விழித்திருக்கின்றன. தூங்குவது நிறம் பூசும் மரபணு மட்டும், அதுவும் கண்ணின் முன்பக்க வளையத்தில். அதனால்தான் நீலம். சேவல் பகல் வெளிச்சத்துக்காக எழுதுகிறது, விலாங்கு சேற்றிருட்டுக்காக எழுதுகிறது, நம் கிடா எந்த எருமையும் எழுதுவதைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பெரியப்பா வந்தால் தலையைத் தூக்கியது அவரைப் பார்த்துத்தான்.

ஆனால் பேராசிரியை ஒரே வார்த்தையில் என்னை உட்கார வைத்துவிட்டார். "ஒரு மாட்டை வெச்சு உலகத்துக்குச் சொல்ல முடியாது தமாரிஸ். மூணு வேணும்." இந்த மாதக் கடைசிக்குள் இன்னும் இரண்டு புள்ளிக் கிடா. எங்கே போவேன்?

தமாரிஸ்


புந்து தாலோங்
செப்டம்பர் 27

டாக்டராகப் போகிறவளுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்பது வீண். பெட்டியைத் திற. இரண்டு புள்ளிக் கிடாக்களின் கண், நானே உரித்தது. எட்டு நிமிடம், ஆறு நிமிடம். உன்னைவிட ஒரு நிமிடம் முந்திவிட்டேன், பேராசிரியையிடம் சொல்.

உன் கடிதத்தைப் பெரியப்பா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சந்தையில் வைத்து வாசித்தார். "முழுசா முழிச்சிருக்காம்! கேட்டுக்கங்கடா!" என்று தக்காளி விற்கிறவளிடம்கூடச் சொன்னார். மூன்று வேண்டும் என்ற வரியைப் படித்ததும் அவரே மலைக்கு அந்தப்பக்க ஊருக்கு நடந்துபோய் முதல் கிடாவைப் பேசி முடித்தார்.

இரண்டாவது யாருடையது தெரியுமா? பல்லோ வீட்டு அம்மாளின் சடங்கு. அவர்களும் புள்ளிக் கிடாதான் வைத்திருந்தார்களாம், இத்தனை நாள் கொட்டகையில் ஒளித்து வளர்த்திருக்கிறார்கள்! கிழவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்களுதும் பாக்குதான்னு சேத்துப் பாக்கச் சொல்லும்மா. சம்பேகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதே" என்றார். பெரியப்பாவிடம் உடனே சொல்லிவிட்டேன். அன்று இரண்டு குழாய் கள் குடித்தார்.

லூதியா


போகோர்
நவம்பர் 21

என் அக்காவுக்கு,

நலமாக இரு, நூறு வருஷம் இரு.

மூன்று கிடாவும் பார்க்கின்றன. பல்லோ வீட்டுக் கிடாவும்தான், கிழவரிடம் சொல். நேற்று ஐந்து தேர்வாளர்கள் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். சூட்டில் அலறிய பன்றியையும் மறைக்காமல் சொன்னேன், அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். "உள்ள வாங்க, டாக்டர் தமாரிஸ்" என்றார் பேராசிரியை. கட்டுரையில் உன் பெயரும் பெரியப்பா பெயரும் என் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. திரை உரித்தவர் லூதியா என்று அச்சில் வரும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இந்தத் தடவை விமானத்தில் ஏறிவிடுவேன்.

தமாரிஸ்


புந்து தாலோங்
டிசம்பர் 3

டாக்டரம்மாவுக்கு,

ஊரே சுகமாக இருக்கிறது. உன் கடிதம் வந்த மறுநாள் மீதெக்கின் மாமாவுக்குச் சடங்கு. நீ வரும் வரை பொறுக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

விழுந்தது சாதாரணக் கறுப்பு எருமை. உன் குப்பி ஒன்றுகூட என்னிடம் இல்லை, கத்தியும் எடுத்துப் போகவில்லை. பெரியப்பா மேடையில் நின்று கூவிக்கொண்டிருந்தார். தலை வந்ததும் நிறுத்தினார். குனிந்து, தானே கத்தியை விட்டு இரண்டு கண்ணையும் எடுத்து வாழையிலையில் வைத்தார். கீழே எல்லாரும் முன்னால் நெருங்கினார்கள்.

"மூச்சு நிக்கும்போது அவ வரலை. அதை நான் மறக்கலை" என்றார். "ஆனா எந்தம்பி ஏறிப்போன கிடாவுக்குக் கண்ணு தெரியும்னு நிரூபிச்சது அவ ஒருத்திதான். பேச்சு அவ்வளவுதான்." பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி கூவினார்.

"கண்ணு! தமாரிஸ் பங்கு!"

பங்கு கூவினால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் பதில் சொல்ல வேண்டும். நான் அந்த வாழையிலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லோ வீட்டுக் கிழவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "சொல்லும்மா, ஊரு காத்திருக்கு" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். இரண்டு கையையும் நீட்டி அந்த இலையை வாங்கினேன். நம் வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே நின்று இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை, தமாரிஸ்.

"வாங்கிட்டோம்!" என்றேன்.

லூதியா